யாருடைய பழைய வண்டி?

அன்புள்ள வாசகருக்கு,

பழைய வண்டிகளுக்குக் கட்டணம் போடுவதும், ஓட்டக் கூடாது என்று தடுப்பதும் ஏழை வயிற்றில் அடிக்கிற வேலை என்று எழுதியிருந்தீர்கள். காற்று மாசு என்பதெல்லாம் புது கார் விற்பதற்கான சாக்கு என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். முதலாவதில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். இரண்டாவதை ஏற்க முடியவில்லை. தில்லியில் என்ன நடந்தது என்பதை விவரமாகச் சொன்னால்தான் இரண்டுக்கும் காரணம் விளங்கும். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்று. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாடு தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு 40. தில்லியின் அளவு பல ஆண்டுகளாக நூறை ஒட்டியே நிற்கிறது. நவம்பரில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கியவர் யாரும் இதைச் சாக்கு என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வாரத்தையும் எல்லோரும் ஒரே மாதிரி கழிப்பதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. காரில் போகிறவர், வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருப்பவர் ஒரு பக்கம். மேம்பாலத்தின் கீழ் படுத்துக் கிடப்பவர், பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுபவர், இரவு முழுக்க வாயிற்கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி மறுபக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் ஐந்தில் ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. இருசக்கர வண்டி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு வீடுகளில். சில வீடுகளில் இரண்டும் இருந்திருக்கும் என்பதால், நகரத்தில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் புகை விடுகிற எந்த வண்டியும் இருக்கவில்லை என்பதே இதன் பொருள். ஏழைகளைப் பற்றிப் பேசும்போது இவர்களைத்தான் முதலில் எண்ண வேண்டும். பழைய டீசல் வண்டி இஷ்டம்போல் ஓடுவதற்கான விலையைத் தங்கள் நுரையீரலால் கட்டுகிறவர்கள் இவர்கள்.

இனி அரசும் நீதிமன்றமும் செய்ததைப் பார்ப்போம். 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டு தாண்டிய வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடக் கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு 10 ஆண்டு என்று எல்லை குறைந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த விதி தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும்தான். உங்கள் ஊரில் 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்கிறீர்கள். இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. வண்டி நன்றாக ஓடினாலும், புகைப் பரிசோதனையில் தேறினாலும், பிறந்த தேதி பார்த்து அதற்கு ஆயுள் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

பல ஆண்டுகள் இந்த உத்தரவு பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. அவ்வப்போது வண்டியைத் தூக்குவார்கள், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும். 2025 ஜூலை 1 அன்று நிலைமை மாறியது. காற்றுத் தர மேலாண்மை ஆணையம், ஆயுள் முடிந்த வண்டிகளுக்குத் தில்லி பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் ஊற்றக் கூடாது என்று ஆணையிட்டிருந்தது. ஏறக்குறைய எல்லா பங்கிலும் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா. வண்டி உள்ளே நுழைந்ததும் கணினி ஆர்.சி. விவரத்தைத் தேடும், வயது முடிந்திருந்தால் ஒலிபெருக்கி எண்ணைச் சொல்லும். அன்று காலை நான் பார்த்த பங்கில் போக்குவரத்துத் துறை ஊழியர் இருவரும் ஒரு போலீஸ்காரரும் நின்றார்கள். பின் இருக்கையில் கயிறு கட்டி இரண்டு காஸ் சிலிண்டர் ஏற்றிய ஸ்கூட்டர் ஒன்று வந்தது. எண் ஒலித்ததும் ஓட்டிவந்தவர் வாதாடவில்லை. சிலிண்டர்களை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கோ போன் போட்டு, வேறு வண்டி கொண்டு வரச் சொன்னார். அபராதம் இருசக்கர வண்டிக்கு 5,000 ரூபாய், காருக்கு 10,000. அபராதத்தோடு விட்டுவிடவும் மாட்டார்கள். வண்டி பறிமுதலாகிக் காயலான் கடைக்குப் போகும், இல்லையென்றால் தில்லியைத் தாண்டிக் கொண்டுபோய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து மீட்க வேண்டும். முதல் நாள் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள்.

இதில் வியப்பில்லை. தில்லியில் ஆயுள் முடிந்ததாகக் கணக்கில் இருந்தவை ஏறத்தாழ 62 லட்சம் வண்டிகள், அவற்றில் சுமார் 41 லட்சம் இருசக்கர வண்டிகள். இவற்றில் பாதி இப்போது ஓட்டத்திலேயே இருக்காது, ஏட்டில் மட்டும் உயிரோடு இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். விகிதம் மாறாது. “பழைய கார்” என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய விவகாரம், எண்ணிக்கையில் பார்த்தால் பழைய ஸ்கூட்டர், பழைய பைக் விவகாரம்தான்.

மூன்றே நாளில் தில்லிச் சுற்றுச்சூழல் அமைச்சர், நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன, நிறுத்தி வையுங்கள் என்று ஆணையத்துக்கு எழுதினார். ஜூலை 8 அன்று ஆணையம் நவம்பருக்குத் தள்ளிப்போட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. முடியவில்லை. டிசம்பர் 17 அன்று அதே நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தியது. பாதுகாப்பு, பி.எஸ்.-4 என்கிற புகைத் தரத்திலும் அதற்குப் பிந்தைய தரத்திலும் செய்த வண்டிகளுக்கு மட்டும்; பி.எஸ்.-3, அதற்கு முந்தையவை வயது தாண்டியிருந்தால் நடவடிக்கை எடுக்கலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வயதைப் பார்க்காதே, புகையைப் பார் என்று நாம் கேட்டது கிடைத்த மாதிரி. ஆனால் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். தில்லியில் கார்களுக்கு பி.எஸ்.-4 கட்டாயமானது 2010 ஏப்ரலில். இருசக்கர வண்டிகளுக்கு அதே 2010-ல் வந்தது பி.எஸ்.-3. அவை முழுவதுமாக பி.எஸ்.-4-க்கு மாறியது 2017 ஏப்ரலில்தான். 2011-ல் ஒரே நாளில் ஒருவர் பெரிய டீசல் காரும் இன்னொருவர் பைக்கும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கடந்தும் அந்த டீசல் கார் இன்று பாதுகாக்கப்பட்ட வண்டி. பைக்குக்கு 15 ஆண்டு முடிகிற நாளில் பாதுகாப்பு இல்லை. இந்தக் கோடு இப்படியே நின்றால், 2017 மார்ச் வரை விற்ற பி.எஸ்.-3 இருசக்கர வண்டிகள் ஒவ்வொன்றாக 2032 வரை வலைக்குள் வந்துகொண்டே இருக்கும். தில்லியில் 2010-க்குப் பிறகு பதிவான கார் எதுவும் அதில் சிக்காது. யாரும் திட்டமிட்டு ஏழைக்கு எதிராக இந்தக் கோட்டைக் கிழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோடு விழுந்த இடம் அதுதான். இதை நாடாளுமன்றத்தில் யாராவது கேள்வியாக எழுப்பியிருக்க வேண்டும் என்கிற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் முதல் பி.எஸ்.-3 வண்டியை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்காமல் கிடந்தவை நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கு மேல், அதில் ஆறரை லட்சத்துக்கு மேல் இருசக்கர வண்டிகள். மிச்சமிருந்த இரண்டு நாளில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டன. ஷோரூம் வாசல்களில் கூட்டம் அலைமோதியது, சென்னையிலும்தான், உங்களுக்கும் நினைவிருக்கும். முதல் வண்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. தில்லியில் அன்று வாங்கியவர்கள், இந்த விதி மாறாவிட்டால், 2032-ல் அந்த அதிர்ஷ்டத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஜங்புராவில் பாரபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பில் வளர்ந்தவர், இப்போது நரேலாவில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேம்ப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அறுபதுகளின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் போட்ட குடிசைகள் அவை. பெண்கள் ஜங்புரா வீடுகளுக்கு நடந்தே போய்ச் சமையலும் துப்புரவும் செய்தார்கள், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 குடிசைகளும் இடிக்கப்பட்டன. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே இன்னும் மெட்ரோ ஓடவில்லை. பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி வந்து, மெட்ரோ ஏறி, காஷ்மீரி கேட்டில் மாறி, ஜங்புரா வந்து சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு அடுப்பங்கரையில் நிற்க வேண்டிய ஒரு பெண் எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? நடந்து போய் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு வண்டி தேவையாக்கியது இந்த இடமாற்றம். அதே நகரம் அடுத்த மாதமே, ஜூலை 1 அன்று, அவர்கள் வாங்கக்கூடிய ஒரே வகை வண்டிக்கு, அதாவது நாலாவது கை மாறிய பழைய பைக்குக்கு, பெட்ரோல் கிடையாது என்றது. வீட்டைத் தூரத்தில் வைப்பது ஒரு துறை, வண்டியைப் பிடிப்பது இன்னொரு துறை. இரண்டும் ஒரே குடும்பத்தின் மேல் விழுந்தன.

இதனால்தான் உங்கள் கோபத்தை நான் தள்ளவில்லை. ஆனாலும் “கட்டணமே கூடாது” என்கிற முடிவுக்கு என்னால் வர முடியாது. தில்லியில் ஏழைகளை அடித்தது கட்டணம் இல்லை. தடை அடித்தது. கட்டணம் என்றால் தேவைப்பட்ட நாளில் கட்டி ஓட்டலாம், தேவைப்படாத நாளில் வீட்டில் நிறுத்தலாம். தடை என்றால் வண்டியின் முழு மதிப்பும் ஒரே நாளில் போய்விடும், அதுவும் நஷ்டஈடு இல்லாமல். முப்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள பைக்கை இழப்பது ஒரு கூலித் தொழிலாளிக்கு என்ன என்பதை நீங்களே அறிவீர்கள். பதிவின்போதே 15 ஆண்டுக்கும் சேர்த்துச் சாலை வரி கட்டிவிட்டு, பத்தாவது ஆண்டில் வண்டியை இழந்த டீசல் உரிமையாளருக்கும் குறை உண்டு. அவருக்கு இன்னொன்று வாங்க வழி இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

லண்டனைப் பாருங்கள். நம் ஆட்கள் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். 2019-ல் நகர மையத்தில் தொடங்கி 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதுக்கும் விரிந்த திட்டத்தில், புகை அளவுக்குள் வராத வண்டி ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண்டு. அளவுகோல் வண்டியின் வயதில்லை, அது எந்தப் புகைத் தரத்தில் செய்யப்பட்டது என்பது. 2006 வாக்கில் வந்த பெட்ரோல் கார்கள்கூடப் பெரும்பாலும் தேறிவிடும், 2014-ல் வாங்கிய டீசல் பெரும்பாலும் தேறாது. அங்கேயும் உங்கள் கேள்விதான் எழுந்தது. இரவு ஷிஃப்ட் துப்புரவாளர், மையத்தைவிட பஸ் குறைந்த புறநகரில் இருக்கும் மருத்துவமனை உதவியாளர் என்ன செய்வார் என்று கேட்டார்கள். ஓர் இடைத்தேர்தலில் அதுவே முக்கியப் பிரச்சினையானது. பதிலுக்கு மேயர் அலுவலகம் பழைய காரைக் கொடுப்பவருக்கு 2,000 பவுண்டு வரை தந்தது. முதலில் அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கு என்று தொடங்கி, எதிர்ப்புக்குப் பிறகு எல்லா லண்டன்வாசிகளுக்கும் என்று விரித்தார்கள். அது போதவில்லை என்பவர்களும் உண்டு. ஆனால் எல்லா கிசி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமியை அவர்களால் மறக்க முடியவில்லை. தென்கிழக்கு லண்டனில் வண்டி நெரிசல் மிகுந்த வட்டச் சாலைக்கு அருகே வாழ்ந்தவள், 2013-ல் ஆஸ்துமாவில் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். அந்த நாட்டில் அப்படி எழுதப்பட்ட முதல் மரணச் சான்று அது. தில்லியில் அப்படி ஒரு வரியை எழுதத் தொடங்கினால் எந்தத் தெருக்களின் பெயர்கள் வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளும் காஜிப்பூர் குப்பைமேட்டை ஒட்டிய தெருக்களும் அதில் இருக்கும்.

கட்டணம் என்று தில்லியில் நிஜமாகவே இருப்பது லாரிகளுக்குத்தான். 2015 நவம்பரிலிருந்து நகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம், சிறியவற்றுக்கு 700 ரூபாய், பெரியவற்றுக்கு 1,300. சில வாரங்களில் இரண்டு மடங்காக்கினார்கள். சும்மா வழியாகக் கடந்துபோக வந்த லாரிகள் குறைந்தன. நல்ல காரியம். கான்பூர் ஐ.ஐ.டி. தில்லிக்காகச் செய்த ஆய்வில், வண்டிப் புகையிலிருந்து வரும் நுண்துகளில் லாரிகளின் பங்கு 46 சதவீதம், இருசக்கர வண்டிகள் 33, கார்கள் 10 சதவீதம் அளவில்தான். இருசக்கர வண்டியின் 33-ஐ நான் மறைக்க விரும்பவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் நீலப் புகைக்குப் பின்னால் சிக்னலில் நின்றவருக்கு அது தெரியும். ஏழையின் வண்டி என்பதால் அது விடும் புகை இன்னொரு ஏழையைத் தொடாமல் போகாது.

எனக்கு மனம் ஆறாதது அந்த லாரிக் கட்டணப் பணத்தின் கதை. கோடிக்கணக்கில் வசூலானது. பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. அதில் பஸ்ஸாவது வாங்கியிருக்கலாம். 1998-லேயே உச்ச நீதிமன்றம் தில்லிக்கு 10,000 பஸ் வேண்டும், 2001 ஏப்ரலுக்குள் வேண்டும் என்றது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 2017 நவம்பரில், பதிவெண்ணைப் பார்த்து நாள்விட்டு நாள் வண்டி ஓட்டச் சொல்லும் ஒற்றை-இரட்டைப்படைத் திட்டத்தில் இருசக்கர வண்டிகளுக்கும் விலக்குத் தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபோது, அத்தனை லட்சம் பேரை ஏற்றிச் செல்ல எங்களிடம் பஸ் இல்லை என்று சொல்லி அரசு அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பைக்கை நிறுத்தினால் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்பதற்கு அரசே கொடுத்த வாக்குமூலம் அது.

ஆகவே என் நிலை இதுதான். வயதை வைத்துத் தடை வேண்டாம், புகையை வைத்துக் கட்டணம் வேண்டும். அந்தக் கட்டணம் வண்டியின் எடையோடும், அது நகரத்துக்குள் ஓடுகிற தூரத்தோடும் ஏற வேண்டும், அப்போதுதான் டீசல் எஸ்.யூ.வி.க்கும் நூறு சி.சி. பைக்குக்கும் ஒரே தட்டில் கணக்கு விழாது. அதற்குப் புகையை ஒழுங்காக அளக்கத் தெரிய வேண்டும். இன்று பங்கின் மூலையில் ஒரு வேனில் நடக்கும் பரிசோதனையில், சைலன்சருக்குள் குழாயைச் செருகி, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெட்ரோல் வண்டியில் அவர்கள் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோ கார்பனும், டீசலில் புகையின் அடர்த்தி. நுரையீரலுக்குள் இறங்குகிற பி.எம். 2.5 அந்தச் சீட்டில் எங்கும் இல்லை. சாலையில் ஓடும்போதே அளக்கும் கருவிகளைப் பொருத்துங்கள் என்று நீதிமன்றமே சொல்லியும் அது பரவலாகவில்லை. வசூலாகும் பணத்தில் முதல் பங்கு, பழைய பைக்கைக் கொடுக்கிறவருக்குக் கையில் காசாகப் போக வேண்டும். இப்போது உள்ள சலுகை, பழையதைக் காயலான் கடையில் போட்டுச் சான்று வாங்கினால் புது வண்டியின் வரியில் தள்ளுபடி என்பது. புது வண்டி வாங்க முடியாதவருக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை. 2020 மின்வண்டிக் கொள்கையில் மின்சார ஸ்கூட்டருக்கு 30,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அதற்குக் காத்திருந்தார்கள். கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட மானியம் உதவும்.

நீங்கள் எழுதியபடி தம்பியின் பைக் 2010-ல் பதிவானது என்றால் அது பி.எஸ்.-3 அல்லது அதற்கும் முந்தையது. டிசம்பர் உத்தரவு அதைக் காப்பாற்றாது. என்.ஓ.சி. வாங்கி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் புகை உங்கள் தெருவுக்கு வரும் என்பதையும், லாரி வாடகை பைக்கின் விலையைத் தின்றுவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு வாங்கும் தெருமுனைக் கபாடிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கே இருநூறு முந்நூறு கூடக் கிடைக்கலாம், ஆனால் ஆர்.சி.யில் பெயர் அப்படியே நிற்கும், நாளை அந்த வண்டி எங்காவது ஓடினால் செலான் இவர் பெயருக்கு வரும். அரசிடம் பதிவு பெற்ற வண்டி உடைப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்று வாங்கி, பதிவை ரத்து செய்யும்வரை அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நரேலாவிலிருந்து பாத்லி வரும் பஸ் காலை ஐந்து மணிக்கு முன்னால் இருக்கிறதா என்று அவரைக் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் அதற்காக ஒரு மனு எழுத வேண்டும், அதில் என் கையெழுத்தும் இருக்கும்.

அன்புடன்,
தில்லியிலிருந்து